நட்டம் யார் கணக்கில்?

திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம் இருக்கும் நகைக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசலில் சீருடைக் காவலாளி. உள்ளே நாலு மூலையிலும் கேமரா. ராத்திரி கடை அடைக்கும்போது சரக்கு முழுவதும் இரும்புப் பெட்டகத்துக்குள் போகும். ஷட்டருக்கு ரெண்டு பூட்டு, அலாரம் வேறு. இதுபோக இன்சூரன்ஸ். அதே கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். நகைச் சீட்டு கட்டும் ஆயிரக்கணக்கான வீடுகளின் பெயர், முகவரி, போன் நம்பர், ஆதார் நகல், யார் எத்தனை பவுன் வாங்கினார்கள் என்கிற விவரம் எல்லாம் அதற்குள்தான். அதன் பாஸ்வேர்டு என்ன? கடைப் பெயரும் 123-உம். பில் போடும் ஐந்து பேருக்கும் அது தெரியும். போன வருஷம் வேலையை விட்டு நின்றவருக்கும் தெரியும்.

முதலாளி ஒருவர்தான். தங்கத்துக்கு இவ்வளவு காவல் போட்டவர் பட்டியலை ஏன் திறந்து போட்டிருக்கிறார்? "அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் விவரம் பத்தாது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது பதிலாகப் படவில்லை. பெட்டகம் செய்யவும்தான் அவருக்குத் தெரியாது; தெரிந்த ஆளிடம் காசு கொடுத்து வாங்கவில்லையா? விஷயம் வேறு. தங்கம் களவு போனால் அவர் காசு போகும். பட்டியல் களவு போனால் வாடிக்கையாளர் வீட்டுக்கு மோசடி போன் வரும், எந்த வீட்டில் எத்தனை பவுன் இருக்கிறது என்று எவனோ தெரிந்துகொள்வான். கடையில் மறுநாளும் வியாபாரம் நடக்கும். பட்டியல் எங்கிருந்து போனது என்று கண்டுபிடிப்பதும் லேசில்லை.

ஒரு நிறுவனம் எதைப் பூட்டுகிறது, எதைத் திறந்து போடுகிறது என்பதை இப்படிப் பணத்தின் பக்கமிருந்து பார்க்கும் துறைக்குப் பாதுகாப்புப் பொருளியல் என்று பெயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்த ராஸ் ஆண்டர்சன் 2001-ல் எழுதிய ஒரு கட்டுரைதான் இதைத் தனித் துறையாக எல்லோரையும் கவனிக்க வைத்தது. கம்ப்யூட்டர்கள் பத்திரமில்லாமல் கிடப்பதற்குத் தொழில்நுட்பக் குறையை மட்டும் சொல்லிப் பயனில்லை, காக்க வேண்டியவர் ஒருவராகவும் நட்டப்படுபவர் இன்னொருவராகவும் இருப்பது பெரிய காரணம் என்றார் அவர்.

முதலில் எளிய கணக்கு ஒன்றைப் பார்த்துவிடுவோம். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு காய்கறிக்கடை. போனில் பணம் அனுப்பியதாகப் பொய்யான திரையைக் காட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மாதம் ரெண்டு பேர், ஆளுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நட்டம் 600. "இத்தனை ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை 100 என்று வையுங்கள். வாங்கிவிட வேண்டியதுதான். அதுவே மூணு மாதத்துக்கு ஒருமுறை 50 ரூபாய் போகிற கடையென்றால் பெட்டி தேவையில்லை. கல்லாவில் இருக்கிற அக்கா தன் போனை ஒரு தரம் பார்த்துக்கொண்டால் போதும். இந்தத் தொகைகள் நான் போட்டவை. ஆனால் கணக்கின் வழி அதுதான்: நட்டம் வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு போகும், தடுக்க எவ்வளவு ஆகும்.

ஆகவே எல்லாப் பூட்டும் வாங்க வேண்டிய பூட்டல்ல. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கார்டன், மார்ட்டின் லோப் இருவரும் 2002-ல் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரிகளில், எதிர்பார்க்கும் நட்டத்தில் சுமார் 37 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக்குச் செலவழிப்பது கட்டுப்படியாகாது என்று வந்தது. அந்த 37-ஐ யாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ரூபாய் நட்டத்தைத் தடுக்க ஒரு ரூபாயே செலவழிப்பவர் கெட்டிக்காரர் இல்லை என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

காய்கறிக்கடைக் கணக்கு சுத்தமாக இருப்பதற்குக் காரணம், போகிற 600-உம் கடைக்காரர் காசு, பெட்டிக்குக் கொடுக்கிற 100-உம் அவர் காசு. நகைக்கடைப் பட்டியலில் அப்படி இல்லை. அங்கே முதலாளி போடுகிற கணக்கில் வாடிக்கையாளரின் நட்டத்துக்கு வரிசையே கிடையாது. அவர் கணக்கில் தப்பு இல்லை. கணக்கில் வர வேண்டிய தொகை ஒன்று வெளியே நிற்கிறது. அதை உள்ளே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏ.டி.எம். கதையை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஏ.டி.எம். பரவிய காலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒரே மாதிரிப் புகார்கள் வந்தன: "நான் எடுக்கவில்லை, என் கணக்கில் பணம் குறைந்திருக்கிறது." அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டம், அட்டை தொலைந்ததை ரெண்டு வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளரின் நட்டம் 50 டாலரைத் தாண்டாது என்றது. 1980-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. ஒரு பெண்மணி, பணம் எடுத்த நேரத்தில் தான் வேலை பார்க்கும் இடத்தில் இருந்ததாகச் சொன்னார். வங்கி தன் கம்ப்யூட்டர் பதிவைக் காட்டியது. நீதிமன்றம் அவர் சொன்னதை நம்பியது. அப்புறம் வங்கிகளுக்கு வேறு வழியில்லை. வாடிக்கையாளர்தான் எடுத்தார் என்று நிரூபிக்க ஏ.டி.எம்.மில் கேமரா வைத்தார்கள்.

பிரிட்டனில் வங்கிகள் "எங்கள் கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது" என்று நின்றன. புகார் கொடுத்தவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் வீட்டில் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் பதில். அங்கே ஒரு போலீஸ்காரர் தன் கணக்கிலிருந்து பணம் போனதாகப் புகார் செய்யப்போக, மோசடிப் புகார் என்று அவர்மேலேயே வழக்குப் போட்டு, 1994-ல் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. மேல்முறையீட்டில், போலீஸ்காரர் தரப்பு நிபுணர் வந்து தன் கம்ப்யூட்டரைப் பார்க்க, அவர் கணக்கு வைத்திருந்த நிதி நிறுவனம் சம்மதிக்கவில்லை. 1996-ல் போலீஸ்காரர் விடுதலையானார். அந்த நிபுணர், ராஸ் ஆண்டர்சன்.

இங்கேதான் வேடிக்கை. நட்டத்தைச் சுமந்த அமெரிக்க வங்கிகள் நொடித்துப் போகவில்லை. நட்டத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டிய பிரிட்டிஷ் வங்கிகள்தான் பாதுகாப்புக்கு அதிகம் செலவழித்தும் அதிக மோசடியைச் சந்தித்தன என்கிறார் ஆண்டர்சன். புகார் கொடுத்தவர் எல்லாம் பொய்யர் என்று முடிவு கட்டிவிட்டால், ஊழியர்களுக்கு அசட்டை வந்துவிடும்; எங்கே ஓட்டை என்று யாரும் தேட மாட்டார்கள். செலவு, "எங்கள்மேல் தப்பில்லை" என்று காட்டும் ஏற்பாடுகளுக்குப் போய்விடும்.

இது சீமைக்காரர் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நெல்லைச் சீமையின் பழைய காவல் முறையே இந்தக் கணக்கின் மேல் நின்றதுதான். ஊரளவில் ஸ்தலக் காவல், பாளையக்காரர் பொறுப்பில் பெரிய வட்டாரத்துக்கு தேசக் காவல். ஊர்க்காரர்கள் விளைச்சலில் பங்காகவோ காசாகவோ காவல் கூலி கொடுத்தார்கள். பதிலுக்கு, மாடோ பண்டமோ களவு போனால் காவல்காரர் மீட்டுக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். ராத்திரி விழித்திருக்க வேண்டியவர் எவரோ, தூங்கிவிட்டால் நட்டமும் அவருக்கே. இன்றைய பொருளியல்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதி வந்து சேர்வதும் இந்த ஏற்பாட்டுக்குத்தான்.

அதிலும் ஓட்டை விழுந்தது. களவுப் பயம் இருந்தால்தான் காவல் கூலிக்கு மதிப்பு. கூலி கொடுக்க மறுத்த வீட்டில் களவு போவதும், போன மாட்டைத் திரும்பப் பிடித்துத் தரத் துப்புக்கூலி கேட்டு ஆள் வருவதும் நடந்ததாக வெள்ளைக்காரர் ஆவணங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அவற்றை அப்படியே நம்பவும் தயக்கமாக இருக்கிறது. காவல் வரி பாளையக்காரர் கையை விட்டுத் தன் கைக்கு வர வேண்டும் என்று விரும்பிய கிழக்கிந்தியக் கும்பினிக்கு அந்த முறையைக் கெட்டதாக எழுதி வைப்பதில் ஆதாயம் இருந்தது. ஆனாலும் துப்புக்கூலியின் பாடம் செல்லும்: பயத்தை விற்பவரிடமே பயத்தைப் போக்கும் வேலையையும் கொடுத்தால், பயம் குறைவதில் அவருக்கு என்ன லாபம்? "உங்கள் கம்ப்யூட்டரில் 37 வைரஸ்" என்று தானாகத் திரையில் குதிக்கிற விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த நினைப்பு வரும்.

சரி, இன்றைய வங்கிக்கு வருவோம். வங்கி லாக்கரில் வைத்த நகை போனால் வங்கி பொறுப்பில்லை என்பதுதான் நெடுங்காலம் நிலைமை. நாங்கள் இடத்தை வாடகைக்கு விட்டவர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது என்பார்கள். கொல்கத்தாவில் ஒருவர் வாடகை கட்டியிருந்தும் அவருக்குத் தெரிவிக்காமலே வங்கி லாக்கரை உடைத்துத் திறந்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வங்கி அப்படிக் கையைக் கழுவ முடியாது என்று சொல்லி, ஆறு மாதத்துக்குள் விதி செய்யும்படி ரிசர்வ் வங்கிக்கு உத்தரவிட்டது. ஆகஸ்டில் விதிகள் வந்தன. 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறை. தீ, களவு, கொள்ளை, கட்டடம் இடிதல், வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் நகை போனால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி கொடுக்க வேண்டும். லாக்கர் திறக்கப்பட்டால் குறுஞ்செய்தி வர வேண்டும், கேமரா பதிவை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில்தான்.

அந்த 100 மடங்கையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் ஒருவர் ஆண்டுக்கு 2,000 ரூபாய் வாடகைக்கு லாக்கர் வைத்திருக்கிறார் என்றால், வங்கியின் பொறுப்பு 2 லட்சத்தோடு நிற்கும். இன்றைய பவுன் விலைக்கு அது எத்தனை பவுனுக்குக் காணும் என்று நீங்களே பாருங்கள். மகளுக்குச் சேர்த்து வைத்த 40 பவுனும் உள்ளே இருந்தால், மிச்ச நட்டம் அவருடையது. முன்பு சுழியமாக இருந்தது இப்போது ஒரு தொகையாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னத் தொகையே வங்கியைக் கேமராப் பதிவைப் பற்றி யோசிக்க வைக்கும்.

சில இடங்களில் நட்டம் வாடிக்கையாளரையும் தாண்டி, சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆளுக்குப் போகும். வண்ணார்பேட்டையில் கண்காணிப்புக் கேமரா வாங்கப் போகிறவர் என்ன கேட்பார்? ராத்திரியில் முகம் தெரியுமா, எத்தனை நாள் பதிவு நிற்கும், போனில் பார்க்கலாமா, கடைசி விலை என்ன. கேமராவின் பாஸ்வேர்டு பற்றிக் கேட்பவர் அபூர்வம். 2016-ல் மிராய் என்ற தீநிரல் (கெடுதல் செய்வதற்கென்றே எழுதிய மென்பொருள்), தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் அவற்றின் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அதற்குத் தேவைப்பட்டது ஏறக்குறைய 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல்தான். அந்த அக்டோபர் 21-ஆம் தேதி, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டிக் கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தின்மேல் அந்தக் கேமராப் படையை ஏவியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பல மணி நேரம் பலருக்குத் திறக்கவில்லை. கேமரா வைத்திருந்தவருக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. அவர் வாசல் அவருக்குத் தெளிவாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. தயாரித்தவருக்கும் விற்றவருக்கும் காசு வந்து சேர்ந்தாகிவிட்டது. பிறகு பாஸ்வேர்டை யார் மாற்றுவார்கள்?

நல்ல கேமரா, மோசமான கேமரா என்று வாங்குபவரால் பார்த்த மாத்திரத்தில் சொல்லவும் முடியாது. 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எது நல்லது என்று தெரியாதபோது வாங்குபவர் நல்லதன் விலையைக் கொடுக்க மாட்டார். நல்லதை விற்பவருக்குக் கட்டாது, ஒதுங்கிவிடுவார். சந்தையில் மட்டமானது மிஞ்சும். ஒரு கேமராவை 500 ரூபாய் கூடச் செலவழித்துப் பத்திரமாகச் செய்கிற கம்பெனி, பக்கத்துப் பெட்டியைவிட விலை கூடுதல் என்ற ஒரே காரணத்துக்காக அலமாரியில் தங்கிவிடும். மென்பொருளிலும் இதே கதை. முதலில் சந்தைக்கு வந்தவருக்குத்தான் ஆள் சேரும் என்பதால், ஓட்டையை அப்புறம் அடைத்துக்கொள்ளலாம் என்று அவசரமாக வெளியிடுவார்கள்.

தங்கத்தில் இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்திருக்கிறோம். மாற்று எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாததால்தான் ஹால்மார்க் வந்தது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆறு இலக்க அடையாள எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்றும் ஆனது. கேமராவுக்கு அது மாதிரி ஒரு முயற்சியைப் பிரிட்டன் செய்தது. 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு அங்கே விற்கக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தது எவ்வளவு காலம் வரும் என்பதையும் தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும். ரெண்டாவது விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இனி வாங்குபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் கிடைக்கும்.

அடுத்தவருக்குப் போவது எப்போதும் நட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெருமாள்புரத்தில் ஒரு வீட்டுக்காரர் கிரில் கதவும் நாயும் வைத்தால் திருடன் அடுத்த வீட்டைப் பார்ப்பான். அது அடுத்தவருக்குக் கெடுதல். அமெரிக்காவில் காருக்குள் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கும் லோஜாக் என்ற ரேடியோக் கருவி இதற்கு நேர்மாறு. எந்தக் காரில் இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாததால் எல்லாக் கார்களையும் தொடப் பயப்படுவான். இயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற ரெண்டு பேர் 1998-ல் கணக்குப் பார்த்து, வாங்கினவருக்குக் கிடைப்பது மொத்தப் பலனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றார்கள். அதனால்தான் ஊருக்கு நல்லதான கருவி அதிகம் விற்பதில்லை, தனக்கு மட்டும் நல்லதான கிரில் நன்றாக விற்கிறது.

வாடிக்கையாளர் பட்டியல் போன்ற விவரங்களுக்கு நம் நாட்டில் இப்போது சட்டம் உண்டு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாதவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. கணக்கின் வெளியே நின்ற தொகை உள்ளே வருகிறது, நல்லதுதான். ஆனால் அந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகும். மோசடி போனில் பணத்தை விட்ட மேலப்பாளையத்துக்காரருக்கு அதில் காசு கிடையாது. அசட்டையாக இருந்த நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடு தர வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43-ஏ பிரிவை நீக்கவும் இந்தச் சட்டம் வழி செய்திருக்கிறது. நிறுவனத்தைப் பயமுறுத்துவது ஒன்று, போனவருக்குத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. முதலாவது மட்டும் போதும் என்று முடிவெடுத்தது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. போனவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்றால்தான் அவர் புகார் கொடுக்க மெனக்கெடுவார். புகார் வந்தால்தான் ஓட்டை வெளியே தெரியும்.

வங்கிக் கணக்கு விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை இதைச் சரியாகச் செய்தது. அதன்படி, வங்கியின் தப்பால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு நட்டமே இல்லை. வங்கிமேலும் தப்பில்லை, வாடிக்கையாளர்மேலும் தப்பில்லை, நடுவில் எங்கேயோ ஓட்டை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் அப்போதும் நட்டமில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் நம் தலையில். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே.

அந்தச் சுற்றறிக்கை வங்கிக்கு ஒரே வாசலைத் திறந்து விட்டது: ஓ.டி.பி.யையோ ரகசிய எண்ணையோ நாமே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் நம் நட்டம். "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வங்கிகள் ஓயாமல் செய்தி அனுப்புவதற்கு அக்கறையோடு இந்த விதியும் ஒரு காரணம். நாம் சொல்லிவிட்டோம் என்று ஆகிவிட்டால் கணக்கு நம் பக்கம் புரண்டுவிடும். தெரிவித்த பிறகு போகிற பணம் மறுபடி வங்கியின் பொறுப்பு. அதனால் எடுக்காத பணம் எடுத்ததாகக் குறுஞ்செய்தி வந்தால், யார்மேல் தப்பு என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி என்றாலும் திங்கள்கிழமை கிளை திறக்கட்டும் என்று காத்திருக்காமல், வங்கியின் அவசர எண்ணுக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கும் அப்போதே பேசி, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.